சாய்வும் சரிவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் கவிதைத் தொகுதிக்கு மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. தொகுதியில் ஐந்தாறு கவிதைகளில் அவருடைய தாயார் பேசுகிறார். தென்னார்க்காட்டுப் பேச்சு. கவிதை ஒரு கதியில் போய்க்கொண்டிருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒலையில அரிசி போட்டாச்சு, உங்கப்பன் எங்க என்று ஒரு வரி வந்து விழும். மேற்கோள் குறி கிடையாது. யார் பேசுகிறார்கள் என்று வாசகன் திணறிப்போவானே என்ற அக்கறையில் (அதை அக்கறை என்றுதான் அப்போது நினைத்தேன்) அந்த வரிகளைத் தேடிப் பொறுக்கி, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் சாய்வெழுத்தாக மாற்றிவிட்டேன். அச்சகத்துக்குப் போக அவசரம். நண்பரைக் கேட்கவில்லை.

புத்தகம் வந்தபின் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. 'எங்கம்மா நேராக நின்றுதான் பேசுவாள். நீ அவளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டாய்.'

கவிஞர்களுக்கே உரிய தொட்டாற்சுருங்கித்தனம் என்று அன்று அதை ஒதுக்கினேன். இன்று அப்படி ஒதுக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தைப் பற்றி நம் விமர்சனம் பேசுவதே இல்லை. உருவம், உள்ளடக்கம் என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். உருவம் என்றால் யாப்பு, படிமம், வரி உடைப்பு என்பதோடு நின்றுவிட்டோம். கவிதை கண்ணில் படுகிற முதல் உருவம் ஈயமோ மையோ ஒளியோ ஏற்றிய ஒரு எழுத்துரு என்பதை அச்சகக்காரர் கவலை என்று விட்டுவிட்டோம். விட்டதன் விளைவு, அந்தத் தாயார் சாய்ந்து நிற்கிறார்.

*

சாய்வெழுத்தின் பூர்வீகம் கௌரவமானது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் வெர்ஜிலின் கவிதைகளைச் சிறிய அளவுப் புத்தகமாக அச்சிட்டார். அதற்கான எழுத்துகளை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலத்து இத்தாலியப் படிப்பாளிகளும் அலுவலகக் குமாஸ்தாக்களும் விரைவாக எழுதிய கையெழுத்துதான் அவருக்கு மாதிரி. விரைகிற கை முன்னோக்கிச் சாயும்; எழுத்தும் சாயும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் புத்தகம் முழுவதுமே இந்த எழுத்தில் இருந்தது. வரியின் முதலில் வரும் பெரிய எழுத்துகள் மட்டும் நேராக நின்றன. அதாவது சாய்வு அங்கே ஒரு விசேஷக் குறி அல்ல; ஒரு முழுக் குரல்.

அதற்குப் பின் நடந்தது பதவி இறக்கம். நேரெழுத்து வீட்டின் எஜமானன் ஆயிற்று. சாய்வெழுத்து கூப்பிட்டபோது வந்து போகிற துணை ஆயிற்று. அழுத்தம் தர, புத்தகப் பெயர் சொல்ல, அயல்மொழிச் சொல்லைத் தனியே காட்ட. 1926இல் ஸ்டான்லி மாரிஸன் 'தி ஃப்ளூரன்' ஐந்தாம் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். துணை என்று ஆனபின் தனிக் குணம் எதற்கு, சாய்வெழுத்து தன் கையெழுத்துச் சேட்டைகளை விட்டுவிட்டு நேரெழுத்தின் சாய்ந்த பிரதியாகவே இருக்கட்டும் என்பது அவர் கட்சி. தர்க்கம் சுத்தமானது. ஆனால் 1932இல் அவர் மேற்பார்வையில் 'டைம்ஸ்' நாளிதழுக்கு உருவான எழுத்துருவில் சாய்வெழுத்து அந்தத் தர்க்கத்துக்குக் கட்டுப்படவில்லை. கையின் ஞாபகம் அதில் தங்கிவிட்டது. விமர்சகனின் கொள்கையை அவன் கண்ணே மீறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மாரிஸன் கைவிட்ட கொள்கை வேறிடத்தில் ஜெயித்தது. முனைகளில் கொடுக்கு இல்லாத எழுத்தை, ஸான்ஸ் செரிஃப் என்று அச்சுத் தொழிலில் சொல்வதை, 1816இல் கேஸ்லன் வார்ப்பகம் முதலில் மாதிரிப் புத்தகத்தில் காட்டியது. நூறு வருஷம் கழித்து அது நவீனத்தின் சீருடை ஆயிற்று. 1927இன் ஃப்யூச்சரா, 1957இன் ஹெல்வெட்டிகா இவற்றின் சாய்வுகளைப் பாருங்கள்: நேரெழுத்தே சாய்ந்து நிற்கிறது, கண்ணுக்காகச் சில திருத்தங்களோடு. எரிக் கில்லின் எழுத்துரு மட்டும் ஓரளவு கையை நினைவில் வைத்திருக்கிறது. நாம் இன்று கணினியில் பொத்தானை அழுத்திப் பெறுவது இந்த மரபின் கடைசிக் கழிவு. அந்தச் சில திருத்தங்களும் இல்லாமல்.

*

கழிவு என்று சொல்வதற்கு ஸ்தூலமான காரணம் இருக்கிறது. விண்டோஸ் 2000த்தோடு வந்த லதா, பின்னால் வந்த நிர்மலா, இவற்றில் தமிழுக்குச் சாய்வு வரையப்படவே இல்லை. சாய்வு கேட்டால் நிரல் நேரெழுத்தைப் பிடித்து மேல்பாதியை வலப்பக்கம் தள்ளிவிடுகிறது. சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து விரலால் சரித்ததுபோல. இதைச் சாய்வு என்று சொல்வதைவிடச் சரிவு என்பதே பொருத்தம்.

சரித்தால் தமிழுக்கு என்ன நேர்கிறது? ஒரே தடிப்புள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதைச் சரித்தால் நீள்வட்டமாகிறது. அது மட்டுமல்ல, வல மேற்புறமும் இடக் கீழ்ப்புறமும் கோடு தடிக்கிறது, மற்ற இரு மூலைகளில் மெலிகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓரிரு வளையம் வரும். தமிழில் ண, ன, ஞ, ழ, ஐகாரக் கொம்பு, ஒற்றைக் கொம்பு என்று வளையமில்லாமல் ஒரு வரி இல்லை. எல்லா வளையமும் ஒரே திசையில் வீங்கி நிற்கிற ஒரு பக்கத்தை, மெய்ப்புப் பார்ப்பவன் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்; நீரில் ஊறிய காகிதத்தின் எழுத்து போலிருக்கும். முனைகள் உருண்ட எழுத்துருவாக இருந்தால் இன்னும் கஷ்டம். அரைவட்ட முனை சரிந்து பேரிக்காயின் அடிபோல் கோணலாகிவிடுகிறது.

அடுத்தது புள்ளி. 15 பாகை சரித்தால், தலைக்கு மேலுள்ள எந்தப் புள்ளியும் தன் உயரத்தில் கால்பங்குக்குச் சற்று அதிகமாக வலப்பக்கம் நகர்ந்துவிடும். 'பக்தி' என்பதில் ககரத்துக்கு உரிய புள்ளி தகரத்தை எட்டிப் பார்க்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளியே இடாமல் படித்த சமூகம் நாம், இதற்கெல்லாம் அஞ்சலாமா என்று கேட்கலாம். சுவடியில் புள்ளி இல்லை என்பது ஏடு படித்தவனுக்குத் தெரியும். இங்கே புள்ளி இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டில்.

மூன்றாவது, ரகரமும் துணைக்காலும். நேரெழுத்தில் இரண்டையும் பிரிப்பது ரகரத்தின் அடியில் இடப்பக்கமாக இறங்கும் ஒரு சிறு வால்தான். ஒரு காலத்தில் அந்த வால்கூட இல்லாமல் இரண்டும் ஒன்றாகவே எழுதப்பட்டு, இடம் பார்த்துப் பிரித்துப் படித்தார்கள். அந்த வாலின் சாய்வும் சரிக்கிற திசையும் ஒன்றே. எல்லாம் ஒரு திசையில் சாயும்போது, சாய்வாலேயே தன்னை அடையாளம் காட்டிவந்த உறுப்பு தன் அடையாளத்தை இழக்கிறது. 'சராசரி' என்ற சொல்லைச் சிறிய அளவில் சரித்துப் பாருங்கள்.

இவையெல்லாம் தொழில்நுட்பக் குறைகள், நல்ல வடிவமைப்பாளன் தீர்த்துவிடுவான் என்று சொல்லலாம். உண்மை. நோட்டோ செரிஃப் தமிழுக்குச் சாய்ந்த வடிவம் தனியாகவே வந்திருக்கிறது. என் கேள்வி அதற்கும் முந்தியது. தீர்த்து என்ன செய்யப்போகிறோம்? தமிழ் வாக்கியத்தில் துணைச் சாய்வுக்கு என்ன வேலை?

*

அழுத்தம் தருவதற்கு என்பார்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்வது தொண்டையின் வேலை. எழுதும்போது தொண்டை இல்லாததால் சாய்வு அந்த இடத்தை நிரப்புகிறது. தமிழில் அழுத்தம் சொல்லுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவன் வந்தான், அவனே வந்தான், அவன்தான் வந்தான், அவனும் வந்தான், வந்தவன் அவன். தொல்காப்பியர் இடையியலில் ஏகாரம் ஒன்றுக்கே ஐந்து பொருள் சொல்கிறார். தேற்றமும் பிரிநிலையும் அதில் அடக்கம். இடைச்சொல்லாலும் சொல் வரிசையாலும் இவ்வளவு நுட்பமாக அழுத்தத்தைப் பங்கிட்டுத் தருகிற மொழியில் எழுதிக்கொண்டு, 'அவன்' என்பதைச் சாய்த்து அழுத்தம் காட்டுகிறவன் தன் மொழியைக் கேட்பதை நிறுத்திவிட்டான் என்றே சொல்வேன். மொழிபெயர்ப்பில் இது அதிகம். மூலத்தில் சாய்ந்த சொல்லைத் தமிழிலும் சாய்த்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. ஒரு ஏகாரத்தைத் தேடும் சிரமம் மிச்சம்.

இரண்டாவது உபயோகம், அயலைக் காட்டுதல். இங்கேதான் விஷயம் மெய்ப்புத் திருத்தத்தைத் தாண்டிப் போகிறது. இந்தியாவில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் வெகுகாலம் இட்லியையும் வேட்டியையும் சாய்வெழுத்தில் போட்டு வந்தார்கள். இது எங்கள் மொழியில் இல்லாத சாமான் என்று லண்டன் வாசகனுக்கு எழுத்தே சலாம் போட்டது. அந்தப் பழக்கத்தை அவர்களே இன்று கேள்வி கேட்கிறார்கள். நாம் அதைத் திருப்பிப் போட்டோம். தமிழ்ப் பக்கத்தில் யார் அயல்? ஆங்கிலச் சொல் ஒன்று. வட்டார வழக்கு இன்னொன்று. எழுத்துத் தமிழ் நேராக நிற்கும்; கூலிக்காரன், கிழவி, குழந்தை, பைத்தியக்காரன், கனவு, இவர்கள் வாய் திறந்தால் எழுத்து சாயும். ஒரு பக்கத்தில் யார் வீட்டுக்காரர், யார் திண்ணையில் நிற்பவர் என்பதைப் படிக்கும் முன்பே கண் தெரிந்துகொண்டுவிடுகிறது.

நண்பரின் கவிதைக்கு நான் செய்தது இதுதான். அவர் கவிதையின் முழு முயற்சியும் தாயின் பேச்சையும் தன் எழுத்தையும் வேலியில்லாமல் ஒரே நிலத்தில் நிறுத்துவதில் இருந்தது. வாசகன் ஒரு கணம் தடுமாற வேண்டும். தடுமாறி, இது யார் குரல், மகனுடையதா தாயுடையதா, இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தடுமாற்றமே கவிதை. நான் வேலி போட்டுக் கொடுத்தேன். 1959இல் செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' முதல் நம் புதுக்கவிதைக்கு வரி உடைப்பும் இடைவெளியுமே கருவிகள். அந்த வறுமை ஒரு ஒழுக்கமாகவும் இருந்தது. குரல் மாறினால் மொழியில் மாற வேண்டும். மாறவில்லை என்றால் கவிதை தோற்றது. இப்போது தோற்ற கவிதையைப் பொத்தான் தூக்கி நிறுத்துகிறது. தோற்காத கவிதையை என்னைப் போன்றவர்கள் சாய்த்துவிடுகிறார்கள்.

*

சாய்வை விட்டு உருண்டைக்கு வருகிறேன். தமிழ் எழுத்து வட்டமானது, காரணம் ஓலை. படுக்கைக்கோடு இழுத்தால் நாரோடு ஓலை கிழியும், ஆகவே வளைத்தார்கள் என்று பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். பாதி உண்மை. அதே பனையோலை சிங்களத்தையும் ஒடியாவையும் முழுக்க உருட்டியது. தமிழ் உருளவில்லை. க, ச, த தலையிலும் ப, ட, ம அடியிலும் படுக்கைக்கோட்டைப் பிடிவாதமாக வைத்திருக்கின்றன. முழுக்க உருண்ட வட்டெழுத்து ஒன்று நம்மிடம் இருந்தது. பாண்டி நாட்டில் சோழராட்சியோடு அது பின்வாங்கியது. ஆகவே தமிழ் எழுத்தின் அழகு உருண்டையில் இல்லை. மூலையும் வளைவும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காத இழுபறியில் இருக்கிறது. ட-வின் மூலையும் ழ-வின் சுழியும் ஒரே சொல்லில் வரும்போது அந்த இழுபறியைக் காணலாம்.

ஓலை தந்தது வேறொன்று: ஒரே தடிப்பு. எழுத்தாணி கீறுகிறது, கீறலில் கரி தடவுகிறார்கள். தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற பேதம் அங்கே இல்லை. முனையில் கொடுக்கும் இல்லை. குழந்தை அரிசியில் விரலால் எழுதும் முதல் எழுத்தும் அப்படித்தான். விரல் போன தடம், உருண்ட முனை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான நாள்முதல் வார்ப்பெழுத்துக்கு ஐரோப்பியக் கைகளும் ஐரோப்பிய உளிகளும் துணை வந்தன. 19ம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் செய்வித்த எழுத்துகளின் நேர்த்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1862இன் வின்ஸ்லோ அகராதியைப் புரட்டியவர்கள் அறிவார்கள். ஆனால் அந்தத் தடிப்பு மெலிவு இறகுப் பேனாவின் தர்மம், எழுத்தாணியின் தர்மம் அல்ல. ஒரே தடிப்பும் உருண்ட முனையும் கொண்ட தமிழெழுத்து இன்று புதிதாக வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் அது நம் பழைய வீடு என்பதை மறந்துவிட்டார்கள்.

வீடு பழையதானாலும் இப்போது அதில் குடியேறுவதன் நோக்கம் வேறு. உருண்ட முனை ஒரு காலத்தில் கருவியின் விளைவு. பிறகு அது ஒரு தொனி ஆயிற்று. 1979இல் ஃபோக்ஸ்வாகன் கார்க் கம்பெனி தனக்கென்று ஒரு உருண்ட எழுத்துருவை ஏற்றது. கம்பெனிகள் புன்னகை செய்யக் கற்றுக்கொண்ட காலம் அது. இப்போது கைபேசியில் வரும் எல்லாமே உருண்டு கொழுத்த எழுத்தில் சிரிக்கிறது. கடன் தவணை தவறியதற்கான எச்சரிக்கைகூடக் கன்னத்தைக் கிள்ளுவதுபோல் வருகிறது. வங்கிக் கவுன்டருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. கவிதையில் கண்ணீர்க் கசிவை நாம் எப்படிச் சந்தேகிக்கிறோமோ, அப்படி எழுத்துருவில் இந்த உருண்டையையும் சந்தேகிக்க வேண்டும். ஆதிமூலம் (1938-2008) நம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளை நினைத்துக்கொள்ளலாம். அவை யாரையும் கொஞ்சவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கோடு எடுத்த முடிவு.

*

சாய்வும் உருண்ட முனையும் ஒரே எழுத்தில் சேர்ந்து, இரண்டுமே பாசாங்கு இல்லாமல் இருப்பதை நான் பார்த்தது நெய்வேலியில், என் கவுன்டரில்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியக்காரர்கள் வாழ்வுச் சான்று கொடுக்க வருவார்கள். அவர்களில் ஒருவர் சுரங்கத்தின் வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பூர்த்தி செய்து நீட்டிய படிவத்தை நான் உடனே வாங்கி வைக்கவில்லை. ஆங்கிலமும் தமிழும் ஒரே கையில், ஒரே தடிப்பில், ஒரே கோணத்தில் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. முனைகள் உருண்டிருந்தன. வளையங்கள் வீங்கவில்லை, அவரவர் இடத்தில் கச்சிதமாக நீள்வட்டமாக இருந்தன. புள்ளி தன் எழுத்தின் தலையை விட்டுப் போகவில்லை. ரகரத்தின் வாலை மட்டும் அவர் சற்று அதிகமாக மடக்கியிருந்தார்.

"சார், இந்தத் தமிழெழுத்து எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"தமிழுக்கு யார் தம்பி கத்துக்குடுத்தா? இங்கிலீஷுக்குத்தான் பழக்கினாங்க. கை அப்படியே போயிருச்சு."

எப்படிப் பழக்கினார்கள் என்பதை அவர் சொன்னார். வரைபட எழுத்துக்குச் சாய்வு 75 பாகை. பெட்டியில் இருக்கும் 45, 30 பாகைச் செட்ஸ்கொயர் இரண்டையும் சேர்த்து வைத்தால் 75 கிடைத்துவிடும். தனிக் கருவி வேண்டாம். எழுத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கோட்டின் தடிப்பு. 5 மில்லிமீட்டர் எழுத்துக்கு 0.5 பேனா, 7க்கு 0.7. பேனாவின் முனை மெல்லிய குழாய். மை வட்டமாகவே இறங்கும், ஆகவே கோட்டின் முனை உருண்டுதான் தீரும். யாருடைய ரசனையும் அதில் இல்லை.

பிறகு தேடிப் படித்தேன். சர்வதேசத் தரம் 3098 சொல்வதும் அதுவே: நேர் அல்லது 75 பாகைச் சாய்வு. ஜெர்மானியர்களுக்கு அதற்கு முன்பே டின் 16 என்ற சாய்வெழுத்துத் தரம் உண்டு. சோவியத் தரமும் 75 பாகை என்றே சொல்கிறது. 1956இல் நிறுவனம் தோன்றி, அடுத்த வருஷம் வெட்டத் தொடங்கிய இந்தச் சுரங்கத்துக்குச் சக்கர வாளி இயந்திரங்கள் வந்தது ஜெர்மனியிலிருந்து. 1962இல் ஓடத் தொடங்கி 2020இல் மூடப்பட்ட முதல் அனல்மின் நிலையம் எழும்பியது சோவியத் உதவியால். பனிப்போரின் இரண்டு பக்கத்து எழுத்துத் தரங்களும் ஒரே கோணத்தில் சாய்ந்தன என்பதை நம் கவிஞர்கள் யாராவது கவனித்திருக்கலாம். அந்தக் கோணத்தில் பழகிய ஒரு கை, யாரும் கேட்காமலே தமிழையும் அப்படி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. வாழ்வுச் சான்றிலும், மளிகைச் சீட்டிலும்.

வட்டம் என்பதே முகவரியாகிப்போன ஊர் இது. இத்தனையாவது வட்டம் என்று சொன்னால்தான் தபால் சேரும். அந்த வட்டங்களில் எத்தனை வீடுகளில் இப்படி எழுதும் கைகள் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். வரைபலகைகள் போய்விட்டன. கணினி வரைபடத்தில் 15 பாகை என்று எண்ணைக் கொடுத்தால் எழுத்து சாய்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கை ஓய்வூதியத்தில் இருக்கிறது.

அவரிடம் கடைசியாகக் கேட்டேன்: "ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்டணும்னா என்ன பண்ணுவீங்க? எல்லாமே சாய்ஞ்சு இருக்கே."

"கீழ ஒரு கோடு போடுவோம்" என்றார். "இல்லன்னா பெரிசா எழுதுவோம். எல்லாம் ஒண்ணா சாஞ்சிருந்தா எதுவும் சாஞ்ச மாதிரி தெரியாது தம்பி."

1501இன் வெர்ஜிலும் நெய்வேலி வரைபடமும் என் மனசில் ஒன்றாகச் சேர்ந்தது அப்போதுதான்.

*

இப்போது கவிவாணர். இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கி, 2010களின் பிற்பாதியில் கூகுள் எழுத்துரு நூலகத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இலவச உரிமத்தில் வந்த எழுத்துரு. தமிழும் லத்தீனும் உண்டு. கையெழுத்தை மூலமாகக் கொண்டது, வலப்பக்கம் சாய்வது, வளைவுகளும் இணைப்புகளும் மென்மையானவை. அச்சில் சாய்வு தமிழுக்கு மரபல்ல, கையெழுத்தில் அது சகஜம் என்ற எளிய உண்மையிலிருந்து அது தொடங்குகிறது. சரித்தெடுத்த எழுத்தல்ல, சாய்வாகவே வரையப்பட்டது. வளையங்களைப் பார்த்தாலே தெரியும். கை எங்கே திரும்பியதோ அங்கே திரும்புகின்றன.

அதைப் பற்றி எல்லாவற்றிலும் முக்கியமாக எனக்குப் படுவது, அதற்கு நேரெழுத்துத் துணை இல்லை என்பது. ஒரே முகம். தடித்தது, மெலிந்தது, நேரானது என்ற குடும்பம் கிடையாது. குறை என்றுதான் அச்சுத் தொழிலில் சொல்வார்கள். நான் அதையே பலம் என்பேன். நேரெழுத்துக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்க அதனால் முடியாது. எடுத்தால் முழுக்க எடுக்க வேண்டும். ஒரு கடிதம் முழுக்க, ஒரு பக்கம் முழுக்க, ஒரு மனிதரின் பேச்சு முழுக்க. ஆல்டஸின் பக்கத்தில் போல அதிலும் எல்லோரும் ஒன்றாகச் சாய்கிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அதன் வளைவுகளில் ஒரு இனிப்பு இருக்கிறது. நான் மேலே சொன்ன மூலைக்கும் வளைவுக்குமான இழுபறியில் வளைவுக்கே அடிக்கடி தீர்ப்பாகிறது. வரைபடக்காரரின் கையில் இருந்த வறட்சி, அந்த நல்ல வறட்சி, அதில் இல்லை. நாற்பது பக்கம் தொடர்ந்து படித்தால் கண் கெஞ்சும். கல்யாணப் பத்திரிகைக்கும் வாழ்த்து அட்டைக்கும் குழந்தைகள் புத்தகத்துக்கும் இப்படிப்பட்ட எழுத்து ஓடிப்போய்ச் சேர்ந்துவிடும் என்பதில் ஆச்சரியம் இல்லை. அங்கே அது பொருந்தவும் செய்யும். ஒரு கட்டுரைத் தொகுப்பையோ மரண அறிவிப்பையோ அதில் கோப்பவன் எழுத்துருவுக்கும் துரோகம் செய்கிறான், செத்தவனுக்கும். அட்டைப்படத்தில் அதைப் பார்த்ததும் 'கவித்துவமாக' இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் பதிப்பாளர்களிடமிருந்தும் அதைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெயரே அவர்களுக்கு ஒரு அழைப்பாகிவிடுகிறது.

இருந்தும், ஒரு கையின் சாய்வைப் பொத்தானின் சரிவிலிருந்து பிரித்துக் காட்டிய காரியத்துக்காக அது நம் கவனத்துக்கு உரியது. 1978இல் அரசாணை வந்து ணை, லை, ளை, னைகளின் பழைய வடிவங்கள் போனபோது நம் எழுத்தாளர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் பேசினார்கள். பெரியார் 1935இலேயே 'குடி அரசு' பத்திரிகையில் தொடங்கிவைத்த வாதம் அது. எழுத்தின் வடிவம் எழுத்தாளனின் விஷயம் என்ற பிரக்ஞை அப்போது இருந்தது. எந்த அரசாணையும் இல்லாமல் தமிழ் எழுத்து இன்று தினந்தோறும் உருமாறிக்கொண்டிருக்கிறது. இப்போது நாம் பேசுவதில்லை.

*

நண்பரின் தொகுதிக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்கிறார்கள். நம்புவதற்கில்லை, முந்நூறு பிரதியில் பாதி இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. வந்தால், மெய்ப்பை மறுபடி என்னிடம் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். தாயார் பேசும் வரிகளை எல்லாம் நிமிர்த்த வேண்டும். மொத்தம் பத்தொன்பது வரி, எண்ணி வைத்திருக்கிறேன்.

அவற்றை நிமிர்த்தினால் இரண்டு கவிதைகளில் யார் பேசுவது என்பது உண்மையாகவே விளங்கவில்லை. ஒன்றில் அது கவிதையின் பலம். இன்னொன்றில் கவிஞர் தாயின் குரலைப் பிடிக்கவில்லை. தன் குரலையே அவளுக்குக் கொடுத்திருக்கிறார். சாய்வெழுத்து இத்தனை நாள் அதை மறைத்து வைத்திருந்தது. இதை அவருக்கு எழுதியிருக்கிறேன். கார்டு இன்னும் வரவில்லை.